கார்க் குளிர்பதனம்: பழுதும் பாடமும்

முன்னுரை

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். கோடையில் பயணம் கேட்டு வருவோர் முதலில் கேட்பது வாடகையை அன்று, "ஏ.சி. வேலை செய்கிறதா?" என்பதைத்தான். சென்ற ஆண்டுக்கு முந்திய கோடையில், சித்திரை பிறந்த சில நாட்களிலேயே எங்கள் காரின் குளிர்பதனப் பொறி குளிர்ந்த காற்றைத் தர மறுத்துவிட்டது. தந்தையார் ஒரு பட்டறைக்குக் கொண்டுசென்றார். அங்கே ஓர் அழுத்தமானியைப் பொருத்தி, "கேஸ் குறைந்துவிட்டது" என்று கூறி நிரப்பித் தந்தார்கள். மூன்று வாரம் நன்றாகக் குளிர்ந்தது. பிறகு மீண்டும் வெப்பக் காற்றே வந்தது. மறுபடியும் நிரப்பினார்கள். இம்முறை இரண்டு வாரங்கூடத் தாங்கவில்லை. கத்திரி வெயில் காலத்தில், எங்கள் வாசலில் நின்ற காரைத் தேடி வருவாரில்லை.

மூன்றாம் முறை பட்டறைக்குப் போகவில்லை. குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் நெடுநாள் பழகிய என் தாய்மாமன் தம் கருவிகளுடன் வந்தார். இயற்பியல் பயிலும் நான் குறிப்பேடும் தராசுமாக அவருக்கு உதவி செய்தேன். வகுப்பில் எழுதிப் படித்த உள்ளுறை வெப்பம், ஆவியழுத்தம், வாயு விதிகள் ஆகிய அனைத்தும் இரண்டு நாட்களில் எங்கள் வாசலிலேயே கண்முன் நிகழ்ந்தன. அவற்றை உடன் பயிலும் நண்பர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிர்ச்சி பிறக்கும் விதம்

குளிர்ச்சி என்பது தனியாக உண்டாக்கப்படும் ஒரு பொருள் அன்று. ஓரிடத்திலுள்ள வெப்பத்தை எடுத்து வேறோரிடத்தில் விடுவதே குளிர்வித்தல் ஆகும். மண்பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்குத் தேவையான வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பானை நீர் தண்ணென்று இருப்பது இதனால்தான். ஊசி போடுமுன் கையில் தடவும் ஸ்பிரிட் சில்லென்று இருப்பதும் இதே காரணத்தால்தான்.

திரவம் ஆவியாகக் கொள்ளும் இவ்வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்கிறோம். கார்களில் பயன்படும் குளிர்பொருளான ஆர்-134ஏ என்பது, சுழி டிகிரியில் ஒரு கிலோகிராம் ஆவியாவதற்கு ஏறக்குறைய 200 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. சாதாரண வளியழுத்தத்தில் அதன் கொதிநிலை சுழிக்குக் கீழே 26° செ. ஆகும். அதாவது, திறந்த பாத்திரத்தில் ஊற்றினால் அது நம் ஊர் வெயிலில் மட்டுமன்று, பனிக்கட்டியின் மேல் வைத்தாலும் கொதிக்கும்.

கொதிநிலை அழுத்தத்தைப் பொறுத்து மாறும் என்பது நாம் அறிந்ததே. நம் வீட்டுப் பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடுவதால் நீர் 100 டிகிரிக்குப் பதிலாக 120 டிகிரி அளவில் கொதிக்கிறது. ஆர்-134ஏ-யும் அவ்வாறே. அழுத்தத்தைக் குறைத்தால் 4 டிகிரியில் கொதிக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் 57 டிகிரியிலேயே குளிர்ந்து திரவமாகும். இவ்விரு உண்மைகளின்மேல்தான் பொறி முழுவதும் நிற்கிறது. உள்ளே 4 டிகிரியில் கொதிக்கச் செய்தால் காருக்குள் உள்ள காற்றின் வெப்பத்தை அது வாங்கிக்கொள்ளும். வெளியே 57 டிகிரியில் திரவமாகச் செய்தால், 35 டிகிரி வெயிற்காற்றுக்குக்கூட அவ்வெப்பத்தைக் கொடுத்துவிடும்.

பொறியின் உறுப்புகள்

இதற்கென ஐந்து உறுப்புகள் ஒரு வட்டமாக இணைக்கப்பட்டுள்ளன.

முதலாவது கம்ப்ரஸர். எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் இது, குறைந்த அழுத்தத்தில் வரும் ஆவியை அழுத்தி, உயர்ந்த அழுத்தமும் உயர்ந்த வெப்பமும் உள்ளதாக்குகிறது. இரண்டாவது கண்டன்ஸர். ரேடியேட்டருக்கு முன்னால், காற்றுப் படும்படி அமைந்த சல்லடை போன்ற பகுதி இதுவே. இங்கே ஆவி திரவமாகிறது. மூன்றாவது டிரையர் என்னும் உலர்த்தி. ஈரத்தையும் தூசியையும் பிடித்துவைப்பது இதன் வேலை. நான்காவது எக்ஸ்பான்ஷன் வால்வு என்னும் மிகச் சிறு துளை. இதைக் கடக்கும் திரவம் அழுத்தம் குறைந்து சட்டெனக் குளிர்கிறது. ஐந்தாவது, டாஷ்போர்டுக்குள் மறைந்திருக்கும் கூலிங் காயில். இங்குதான் குளிர்பொருள் கொதித்து, காரினுள் வீசும் காற்றைக் குளிர்விக்கிறது. பிறகு ஆவி மீண்டும் கம்ப்ரஸருக்குச் செல்கிறது.

கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெயும் குளிர்பொருளோடு கலந்தே இவ்வட்டத்தில் சுற்றிவருகிறது. குளிர்பொருள் குறைந்தால் எண்ணெயும் சரிவரத் திரும்பாது, கம்ப்ரஸர் தேய்ந்துபோகும். ஆகவே அழுத்தம் மிகக் குறைந்தவுடன் கம்ப்ரஸரை நிறுத்திவிட ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். எங்கள் காரில் பொத்தானை அழுத்தியும் கம்ப்ரஸர் சுழலாதது இதனால்தான். அது பழுதன்று, பாதுகாப்பு.

வாயு தீர்ந்துபோகுமா?

"கேஸ் தீர்ந்துவிட்டது" என்று தந்தையார் கூறியபோது மாமா சிரித்தார். "கேஸ் எப்படி மாப்பிள்ளை தீரும்? பெட்ரோலா, எரிஞ்சு போறதுக்கு? உள்ளேயே சுத்துற சாமான் அது. குறைஞ்சிருந்தா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம்" என்றார்.

இக்கட்டுரையின் சாரமே இவ்வொரு கூற்றில் அடங்கியுள்ளது. ஒரு சிறு கணக்கால் இதை விளக்கலாம். 4 கிலோவாட் அளவுக்குக் குளிர்விக்கும் ஒரு பொறியில் ஒவ்வொரு கிலோகிராம் குளிர்பொருளும் ஒரு சுற்றில் ஏறக்குறைய 140 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்று கொள்வோம். (எக்ஸ்பான்ஷன் வால்வைக் கடக்கும்போதே ஒரு பகுதி ஆவியாகிவிடுவதால் முழு உள்ளுறை வெப்பமும் கிடைப்பதில்லை.) அப்படியானால் நொடிக்கு ஏறத்தாழ 29 கிராம் சுற்றவேண்டும். எங்கள் காரில் இருக்கவேண்டிய அளவு 400 கிராம். ஆக, உள்ளே இருப்பது முழுவதும் கால் நிமிடத்திற்குள் ஒரு முறை சுற்றி வந்துவிடுகிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் இருநூறு முறைக்குமேல் சுற்றும் அதே 400 கிராம், எரிவதுமில்லை, கெடுவதுமில்லை. பல ஆண்டுகளில் ரப்பர்க் குழாய்களின் வழியே மிகச் சிறிதளவு ஊடுருவிப் போவதுண்டு. ஆனால் மூன்று வாரத்தில் வற்றினால் அது கசிவேயன்றி வேறில்லை. கசிவை அடைக்காமல் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு வைப்பது போன்றது.

அழுத்தமானி கூறுவதும் கூறாததும்

பட்டறையில் ஏன் கசிவு தெரியவில்லை? மானியைப் பொருத்தி அழுத்தம் பார்த்தார்களே என்று கேட்கலாம். இங்கேதான் பலரும் தவறுகின்றனர். நானும் தவறாகவே எண்ணியிருந்தேன்.

ஒரு மூடிய கலத்தில் திரவமும் அதன் ஆவியும் சேர்ந்திருக்கும்வரை, அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. திரவத்தின் அளவைப் பொறுத்ததன்று. தெவிட்டிய ஆவியழுத்தம் என்று நாம் படிப்பது இதுவே. 30° செ. வெப்பநிலையில் ஆர்-134ஏ-யின் அழுத்தம் மானியில் சதுர அங்குலத்துக்கு 97 பவுண்டு காட்டும். எஞ்சின் ஓடாதபோது உள்ளே 400 கிராம் இருந்தாலும் 97 பவுண்டுதான். பாதியாகக் குறைந்து 200 கிராம் இருந்தாலும் 97 பவுண்டுதான். சமையல் வாயு உருளையிலும் இப்படியே. கடைசிச் சொட்டுத் திரவம் உள்ளவரை அடுப்பு ஒரே சீராக எரிவதைக் காண்கிறோம். அதனால்தான் உருளையில் எவ்வளவு மீதி என்று அறிய அதைத் தூக்கிப் பார்க்கிறோம்.

எஞ்சின் ஓடும்போது காட்டும் அழுத்தமோ வெளி வெப்பம், எஞ்சினின் வேகம், விசிறியின் வேகம், கண்டன்ஸரின் தூய்மை ஆகிய பலவற்றாலும் மாறுவது. ஆகவே "ஊசி முப்பதுக்கு வந்துவிட்டது, போதும்" என்று நிரப்புவது குத்துமதிப்பேயாகும். மானி பழுதின் தன்மையைக் காட்டும். நிரப்பும் அளவைக் காட்டாது. அளவைக் காட்டுவது தராசு ஒன்றே. எவ்வளவு நிரப்பவேண்டும் என்பது காரின் முன்மூடிக்குக் கீழே ஒட்டப்பட்டுள்ள சீட்டில் கிராம் கணக்கிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. எங்கள் காரிலும் இருந்தது. புழுதியைத் துடைத்த பிறகே கண்ணில் பட்டது.

கசிவைத் தேடல்

மாமா முதலில் மானியைப் பொருத்தினார். ஊசி சுழியில் நின்றது. குளிர்பொருள் முழுவதும் ஏற்கெனவே வெளியேறிவிட்டதால், குழாயைக் கழற்றுவதில் தடையில்லை. சிறிதேனும் அழுத்தம் இருந்திருந்தால், அதை மீட்டெடுக்கும் எந்திரம் உள்ள இடத்திற்குக் கொண்டுபோய் எடுக்கச் செய்திருக்க வேண்டும். வால்வை அழுத்திக் காற்றில் விடுவது கூடாது. காரணம் பின்னர்க் கூறப்படும்.

கருவி இல்லாமலே கசிவைக் காட்டும் ஓர் அடையாளம் உண்டு. குளிர்பொருள் கசியும் இடத்தில் எண்ணெயும் சேர்ந்து கசியும். அதில் சாலைப் புழுதி ஒட்டிக்கொள்ளும். ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துவந்தோம். நிரப்பும் வால்வின் ஊசி, கம்ப்ரஸரின் முன்புறத் தண்டு, கண்டன்ஸரில் கல் பட்ட இடங்கள், குழாய் இணைப்புகள் ஆகியவை வழக்கமாகக் கசியும் இடங்கள். கண்டன்ஸரில் குழாய் சேரும் இடத்தில் கருமையான பிசுக்கு ஒன்று படிந்திருந்தது.

ஐயத்தைத் தெளிவாக்க நைட்ரஜன் வாயுவை 150 பவுண்டு அழுத்தத்திற்கு ஏற்றினோம். நைட்ரஜன் உருளைக்குள் அழுத்தம் இரண்டாயிரம் பவுண்டுக்கும் மேல் இருக்கும் என்பதால் ரெகுலேட்டர் இன்றி இதனைச் செய்யவே கூடாது. பின், சோப்புத் தூளைக் குழைத்துத் தூரிகையால் தடவினோம். மற்ற இணைப்புகளில் ஒன்றுமில்லை. பிசுக்கு இருந்த இடத்தில் கடுகளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. தந்தையார் அவற்றையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு முறை அவர் கொடுத்த பணம் அந்தக் குமிழிகளின் வழியேதான் போயிருந்தது.

நைட்ரஜனை வெளியேற்றிவிட்டு இணைப்பைக் கழற்றினோம். உள்ளே இருந்த ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் எஞ்சின் சூட்டில் காய்ந்து, தட்டையாகி, ஓரிடத்தில் வெடித்திருந்தது. சில ரூபாய் விலையுள்ள பொருள் அது. இதற்கென்றே விற்கும் பச்சை நிற வளையத்தைத்தான் போடவேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கறுப்பு வளையம் இக்குளிர்பொருளுக்கும் எண்ணெய்க்கும் தாங்காது. புதிய வளையத்தில் கம்ப்ரஸருக்கு உரிய எண்ணெயையே தடவிப் பொருத்தினோம். அலுமினியத் திருகு ஆகையால் அளவுக்கு மீறி முறுக்காமல் பார்த்துக்கொண்டோம். பொறி வெறுமையாகக் கிடந்த நாட்களில் ஈரம் புகுந்திருக்கும் என்பதால் டிரையரையும் மாற்றி, அதனோடு போன எண்ணெய்க்கு ஈடாகக் கைநூலில் குறித்த அளவு புதிய எண்ணெயை விட்டோம்.

ஓரிரவுச் சோதனை

மாலையில் மீண்டும் நைட்ரஜனை 150 பவுண்டு ஏற்றி வால்வை மூடிவிட்டோம். அப்போது நிழலில் வெப்பநிலை 33 டிகிரி. மறுநாள் விடியற்காலை மாமா மானியைப் பார்த்துவிட்டு முகம் வாடினார். ஊசி 146-இல் நின்றது. "இன்னும் எங்கேயோ போகுதும்மா" என்றார்.

நான் வெப்பமானியைப் பார்த்தேன், 26 டிகிரி. கன அளவு மாறாத வாயுவின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது விதி. மானி காட்டுவது வளியழுத்தத்துக்கு மேற்பட்டதை மட்டுமே. ஆகவே 150-உடன் வளியழுத்தமான 14.7-ஐக் கூட்டி 164.7 என்று கொள்ளவேண்டும். வெப்பநிலையை 306 கெல்வினிலிருந்து 299 கெல்வினுக்கு மாற்றினால், 164.7-ஐ 299-ஆல் பெருக்கி 306-ஆல் வகுக்க 160.9 வருகிறது. அதிலிருந்து 14.7-ஐக் கழித்தால் 146.2. மானி காட்டியது சரியாக அதுவே!

கணக்கை மாமாவிடம் காட்டினேன். அவர் உடனே நம்பிவிடவில்லை. "வெயில் ஏறட்டும், பார்ப்போம்" என்றார். முற்பகல் பதினொரு மணிக்கு நிழலில் மீண்டும் 33 டிகிரி ஆனபோது ஊசி 150-க்கே திரும்பியிருந்தது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு விதி, தேவையின்றி எல்லா இணைப்புகளையும் கழற்றும் வேலையை அன்று மிச்சப்படுத்தியது.

ஈரத்தை நீக்கல்

நைட்ரஜனை வெளியேற்றியவுடன் நிரப்பிவிடலாமா என்றால், கூடாது. உள்ளே காற்றும் ஈரமும் இருக்கும். காற்று கண்டன்ஸரில் திரவமாகாமல் தங்கி அழுத்தத்தைக் கூட்டும். ஈரமோ எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். எண்ணெயோடும் குளிர்பொருளோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

குழாய்களுக்குள் ஒட்டியிருக்கும் நீரைத் துடைத்தெடுக்க முடியாது, கொதிக்கவைத்து எடுக்கலாம். தீயில்லாமல் கொதிக்கவைப்பது எப்படி? அழுத்தத்தைக் குறைத்தால் போதும். 30 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் பாதரச அளவில் 32 மில்லிமீட்டர். அதற்கும் கீழே அழுத்தத்தைக் கொண்டுசென்றால், 30 டிகிரியிலேயே நீர் கொதித்து ஆவியாகிவிடும். குளிர்சாதனப் பெட்டி வேலைக்கு மாமா பயன்படுத்தும் வெற்றிடப் பம்பு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே கொண்டுபோக வல்லது. சாதாரண மானி அவ்வளவு நுட்பமாகக் காட்டாது. ஆகவே காலத்தை நீட்டி முக்கால் மணி நேரம் பம்பை ஓட்டினோம். பிறகு வால்வை மூடி, பம்பை நிறுத்தி, அரை மணி காத்திருந்தோம். ஊசி அசையவில்லை. உள்ளே ஈரமோ கசிவோ இருந்தால் ஊசி மெல்ல ஏறியிருக்கும்.

நிறுத்து நிரப்பல்

கடையில் 450 கிராம் டின்களில் ஆர்-134ஏ கிடைக்கிறது. கைக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்தே இவ்வேலையைத் தொடங்கவேண்டும். கசியும் திரவம் தோலில் பட்டால் அவ்விடம் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

முதலில் டின்னிலிருந்து மானி வரையுள்ள குழாயில் இருக்கும் காற்றைச் சிறிதே தளர்த்தி நீக்கினோம். டின்னைத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டேன். எஞ்சினை ஓட்டாமலேயே குறை அழுத்தப் பக்கத்து வால்வைத் திறந்தபோது, வெற்றிடம் குளிர்பொருளைத் தானே இழுத்துக்கொண்டது. ஓட்டம் நின்றபின், கதவுகளைத் திறந்துவைத்து, எஞ்சினை ஓட்டி, விசிறியை முழு வேகத்தில் வைத்து, ஏ.சி.யைப் போட்டோம். இப்போது கம்ப்ரஸர் மெல்ல உறிஞ்சத் தொடங்கியது.

டின்னை நேராகவே பிடிக்கவேண்டும். கவிழ்த்தால் ஆவிக்குப் பதில் திரவம் செல்லும். திரவம் அழுத்தத்துக்கு உட்படாது. கம்ப்ரஸரின் வால்வுகள் உடையும். ஆவி வெளியேற வெளியேற டின் குளிர்ந்து, அதன் வெளிப்புறத்தில் பனி பூத்தது. மண்பானைத் தத்துவமே இங்கும்! டின் குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறைந்து ஓட்டம் தளரும். அதனைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினோம். அவ்வப்போது துடைத்து நிறுத்துப் பார்த்தேன். நிறை 400 கிராம் குறைந்தவுடன் வால்வை மூடினோம். "கொஞ்சம் கூடவே விட்டால் இன்னும் நன்றாகக் குளிருமே?" என்றார் தந்தையார். அது தவறு. மிகுதியான திரவம் கண்டன்ஸரின் இடத்தை அடைத்துக்கொள்வதால் அழுத்தம் ஏறிக் குளிர்ச்சி குறையும்; கம்ப்ரஸருக்கும் சுமை.

அந்நேரத்தில் மானி குறை அழுத்தப் பக்கம் 35 பவுண்டும், மிகை அழுத்தப் பக்கம் 215 பவுண்டும் காட்டியது. அட்டவணையில் பார்த்தால் அவை முறையே 4 டிகிரிக்கும் 57 டிகிரிக்கும் உரிய ஆவியழுத்தங்கள். காற்று வரும் வாயிலில் வைத்த வெப்பமானி 9 டிகிரிக்கு இறங்கியது.

செய்யத் தகாதவை

வீட்டில் இதைச் செய்ய விரும்புவோர், தொழில் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளாமல் தொடங்கவேண்டாம். கீழ்க்கண்டவற்றை மறவாமல் விலக்கவேண்டும்.

1. எஞ்சின் ஓடும்போது மிகை அழுத்தப் பக்கத்து வால்வைத் திறக்கக்கூடாது. அவ்வழுத்தம் டின்னுக்குள் பாய்ந்து டின் வெடிக்கும்.

2. டின்னை நெருப்பிலோ கொதிநீரிலோ சூடாக்கக் கூடாது. தீயில் பட்ட குளிர்பொருளிலிருந்து ஹைட்ரஜன் புளோரைடு என்னும் கொடிய நச்சுவாயு உண்டாகும்.

3. கசிவுச் சோதனைக்கு ஆக்சிஜனைப் பயன்படுத்தவே கூடாது. அழுத்தமிகுந்த ஆக்சிஜன் எண்ணெயுடன் சேர்ந்தால் வெடிக்கும். டயருக்கு அடிக்கும் காற்றும் ஈரமுள்ளது, அதுவும் ஆகாது.

4. மலிவு என்று சமையல் வாயுவை நிரப்பக் கூடாது. தீப்பற்றாத பொருளுக்கென அமைக்கப்பட்ட பொறி அது. கசிந்தால் பயணிகள் அமர்ந்திருக்கும் அறைக்குள்ளேயே தீ மூளும்.

5. மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் கை வைக்கக் கூடாது. அவற்றின் கம்ப்ரஸர் உயர்மின்னழுத்தத்தில் இயங்குவது, எண்ணெயும் வேறு.

6. சீட்டில் ஆர்-1234ஒய்எஃப் என்று குறித்திருந்தால் அது இலேசாகத் தீப்பற்றக்கூடியது. அதற்குரிய கருவியுள்ள இடத்திற்கே கொண்டுசெல்லவேண்டும்.

வானத்துக் கணக்கு

கசிந்த வாயு எங்கே போகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

தொடக்கக் காலக் குளிர்சாதனங்களில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்களே பயன்பட்டன. 1928-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்னும் வேதியியலாரும் அவர்தம் துணைவரும் நச்சும் தீயும் இல்லாத குளோரோ புளோரோ கார்பன்களைக் குளிர்பொருளாக்கினர். 1930-இல் அவர் ஓர் அறிவியற் கூட்டத்தில் அவ்வாயுவை மூச்சிழுத்து, அதனை ஊதி மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். பேக்கார்டு நிறுவனம் தன் 1940-ஆம் ஆண்டுக் கார்களில் குளிர்பதனப் பொறியை அமைத்துத் தந்தது. ஆர்-12 என்னும் அக்குடும்பத்துப் பொருளே நெடுங்காலம் கார்களில் ஓடியது.

1974-இல் மோலினாவும் ரோலண்டும், இவ்வாயுக்கள் வான்வெளியின் மேலடுக்குக்குச் சென்று குளோரினை விடுவித்து ஓசோனை அழிக்கும் என எச்சரித்தனர். 1985-இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பது வெளிப்பட்டது. 1987 செப்டம்பர் 16-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. எச்சரித்த இருவருக்கும், அவர்களோடு பால் குருட்சனுக்கும் 1995-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆர்-12-க்கு மாற்றாக வந்ததே ஆர்-134ஏ. இதில் குளோரின் இல்லை, ஓசோனுக்குக் கேடில்லை. ஆனால் புவியை வெப்பமாக்குவதில் இது கொடியது. நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-134ஏ 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என 2007-இல் வந்த பன்னாட்டு அறிக்கை கூறியது. ஆகவே ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் இதற்கு இடமில்லை. 2016-இல் கிகாலியில் ஏற்பட்ட திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. இத்தகைய பொருள்களை 2032 முதல் படிப்படியாகக் குறைத்து 2047-க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். எனினும் நம் நாட்டில் இப்போது ஓடும் கார்களில் மிகப் பலவற்றில் உள்ளது ஆர்-134ஏ-தான்.

இனி எங்கள் காரின் கணக்கைப் பார்ப்போம். 400 கிராம் கசிந்தால் அது 572 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். ஆக, ஒரு முறை நிரப்பிய வாயு கசிவது, ஏறத்தாழ 250 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஒப்பு. பட்டறையில் முழு அளவே நிரப்பினார்கள் என்று கொண்டால், இரண்டு முறையும் சேர்த்து 500 லிட்டர்! தந்தையார் பயணிகளை ஏற்றிக்கொண்டு பல மாதம் ஓட்டினாலன்றிச் செலவாகாத பெட்ரோல் அது. யாருக்கும் பயனின்றி, வாசலில் நின்ற காரிலிருந்து, ஒரு வெடித்த ரப்பர் வளையத்தின் வழியே போயிற்று. இக்கணக்கைக் கேட்டபின் தந்தையார், "நம்ம பணம் மட்டும்தான் போச்சுன்னு நினைச்சேன்" என்றார்.

முடிவுரை

குளிர்ச்சி குறைந்தவுடன் வாயுவை ஐயுறுவது நம் வழக்கம். அதற்குமுன் கண்டன்ஸரில் அடைந்த மண், சுழலாத விசிறி, தளர்ந்த பெல்ட், அடைபட்ட காற்று வடிகட்டி ஆகியவற்றைப் பார்ப்பது நல்லது. இவற்றுக்கு நீர்க்குழாயும் ஒரு ஸ்பானருமே போதும். வாயுதான் குறைந்தது என்று தெளிந்தால், வரிசை மாறாமல் செய்யவேண்டியவை நான்கு: கசிவைக் கண்டறிதல், அதனை அடைத்தல், ஈரத்தை நீக்கல், நிறுத்து நிரப்பல். முதல் மூன்றையும் விட்டு நான்காவதை மட்டும், அதுவும் நிறுக்காமல் செய்வதைப் பழுதுபார்த்தல் என்று சொல்ல முடியாது.

பட்டறைக்கே செல்வோரும் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். "கசிவு எங்கே என்று பார்த்தீர்களா?" என்பது ஒன்று. "எத்தனை கிராம் நிரப்பினீர்கள்?" என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை சொல்லக்கூடிய இடத்தில் கொடுக்கும் பணம் வீண்போகாது.

அக்கோடையில் எஞ்சிய நாட்களிலும், அடுத்த கோடை முழுவதிலும் எங்கள் கார் குளிர்ந்த காற்றையே தந்தது. மறுபடி நிரப்ப நேரவில்லை. வெடித்த அந்த ஓ-ரிங்கைத் தந்தையார் எறியவில்லை. காரின் சாவி வளையத்தில் அதைக் கோத்து வைத்திருக்கிறார். ஏ.சி. பற்றி யாரேனும் மற்ற ஓட்டுநர்கள் கேட்டால், அதைக் காட்டியே பாடத்தைத் தொடங்குகிறார்.